நடுங்கி நகரும் குட்டி ரோபோ

விடுமுறை நாளில் ஒற்றை அறை வீட்டிற்குள் பிள்ளைகளை எதில் ஈடுபடுத்துவது என்பது நகரத்தில் வாழும் நம்மில் அநேகருடைய கவலை. மூலையில் கிடக்கும் உடைந்த பொம்மைக் காரை எறிந்துவிடாதீர்கள். அதிலுள்ள சிறு மோட்டாரைக் கொண்டு, தானே நகர்ந்து கோலமிடும் ரோபோ ஒன்றைச் செய்துவிடலாம்.

மோட்டாருடன் ஒரு பேப்பர் கப், மூன்று ஸ்கெட்ச் பேனாக்கள், ஒரு பென்சில் பேட்டரி, இரண்டு துண்டு ஒயர், சிறு அழிரப்பர் துண்டு, டேப் ஆகியவை போதும்.

கப்பைக் கவிழ்த்து, முக்காலியின் கால்களைப் போல மூன்று பேனாக்களையும் முனை கீழ்நோக்கியிருக்க ஒட்டுங்கள். மேலே மோட்டாரை அதன் அச்சு வானோக்கி நிற்கும்படியும், அருகில் பேட்டரியையும் ஒட்டுங்கள். அழிரப்பரை அச்சில் குத்துங்கள். நடுவில் அல்ல, ஓரத்தில். பேனா மூடிகளைக் கழற்றி, பெரிய காகிதத்தின்மேல் நிறுத்தி, ஒயர்களைப் பேட்டரியின் இரு முனைகளிலும் இணையுங்கள். ரோபோ துடித்துத் துடித்து வட்டங்களை வரையத் தொடங்கும். வேகம் போதாவிட்டால் இன்னொரு பேட்டரியை வரிசையாகச் சேர்த்து 3 வோல்ட் ஆக்கலாம்.

இரகசியம் அந்த அழிரப்பரில் இருக்கிறது. பாரம் ஒரு பக்கமாய் இருப்பதால், சுழலும்போது அது கப்பை எல்லாத் திசையிலும் மாறி மாறி இழுக்கிறது. துணிகள் ஒரு பக்கமாய்ச் சேர்ந்துவிட்டால் வாஷிங் மெஷின் குலுங்குவதும், பல கைப்பேசிகள் அதிர்வதும் இதனாலேயே. நடுவில் குத்திப் பாருங்கள். மோட்டார் சுழலும், ரோபோ ஏறக்குறைய அசையாமல் நிற்கும்.

உணர்கருவியோ கணினியோ இல்லாததால் இதை முழுமையான ரோபோ என்று சொல்ல முடியாது. ஆயினும் இதை அற்பமாய் எண்ண வேண்டாம். 2014ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1,024 சிறு ரோபோக்கள் ஒன்றுகூடித் தாமாகவே வடிவங்களை அமைத்தன. ‘கிலோபாட்’ எனப்பட்ட அவை ஒவ்வொன்றும் நகர்ந்தது அதிர்வு மோட்டார்களால்தான்.

ரோபோ கவிழ்ந்தாலோ, ஒரே இடத்தில் சுற்றினாலோ உடனே நீங்கள் சரிசெய்து கொடுக்காதீர்கள். "ஏன் இப்படி ஆகிறது?" என்று கேளுங்கள். கால்களை அகற்றி வைப்பதா, பேட்டரியை நகர்த்துவதா என்று பிள்ளையே சோதித்துக் கண்டுபிடிக்கட்டும். பொம்மையைவிட அந்தத் தேடலே மேலானது.

ஓர் எச்சரிக்கை. பல் துலக்கும் பிரஷ்ஷின் தலையில் கைப்பேசியின் அதிர்வு மோட்டாரையும் பட்டன் பேட்டரியையும் ஒட்டிச் செய்யும் ரோபோவும் உண்டு. கைக்குழந்தைகள் உள்ள வீட்டில் அது வேண்டாம். விழுங்கப்பட்ட பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் எழுந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். எந்த ரோபோவையும் சுவர் பிளக்கில் இணைக்கவே கூடாது. விளையாடி முடிந்ததும் ஒயரைக் கழற்றிவிடுங்கள்.

வருகிற விடுமுறையில் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பிள்ளைகளோடு தரையில் அமருங்கள். அவர்கள் வெகுநாள் நினைவில் வைத்திருப்பது அந்த ரோபோவை மட்டுமல்ல, கூட அமர்ந்த உங்களையும்தான்.