ஒரு வரிக் கட்டுரை

பேசுவோனைக் குறிக்கும் இடத்திற்குத் 'தன்மை' என்று பெயரிட்ட நம் இலக்கணத்தாரின் நுண்மதியை வகுப்பிலே வியந்து கூறுவது என் வழக்கம். தன்மை என்பது இயல்பையும் குறிக்கும் சொல். 'நான்' என்று ஒருவன் வாய் திறக்கும்போதே, தன் இயல்பு இன்னது எனத் தான் கொண்டுள்ள கருத்தையும் உடன் வெளியிடுகிறான் என்று விளக்கமும் உரைப்பேன். விளக்கம் அழகாகத்தான் இருந்தது. ஆயினும், அதன் பொருளை ஒரு சிறுவன் என் மேசைமீது கொண்டுவந்து வைத்தபோது எனக்கு அது புலப்படவில்லை.

1997ஆம் ஆண்டு. அப்பொழுது நான் படுவான்கரையில் ஒரு பாடசாலையில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் கற்பித்து வந்தேன். 'நான்' என்னும் தலைப்பிலே பத்து வரி எழுதுமாறு பணித்தேன். வைத்தியராவேன், ஆசிரியராவேன் என்று பிள்ளைகள் எழுதியிருந்தனர். ஒருவன் கொப்பியில் மட்டும் ஒரே வரி: "நான் ஒண்டுக்கும் உதவாதவன்."

1990ஆம் ஆண்டு வன்செயலிலே தந்தையை இழந்தவன் அவன். விடியுமுன் மாமனோடு தோணியிற் சென்று இறால் பிடித்துவிட்டு, ஈரம் உலராத காற்சட்டையுடன் பாடசாலைக்கு வருவான். பின் வாங்கிலே உறங்குவான். அந்த ஒரு வரிக்கு நான் செய்தது யாதெனில், 'ஒண்டுக்கும்' என்பதைச் சிவப்பு மையால் வெட்டி, 'ஒன்றுக்கும்' எனத் திருத்தினேன். கீழே, 'மற்ற ஒன்பது வரிகள் எங்கே?' என்று எழுதினேன். கொப்பி திரும்பிப் போயிற்று. அவன் தன்னைப்பற்றி எழுதிய தீர்ப்பு, ஆசிரியரின் கையெழுத்துடன், வழுவின்றி, அவனிடமே போய்ச் சேர்ந்தது. அடுத்த தவணைக்கு அவன் வரவில்லை. வறுமையே காரணம் என்றார்கள், இருக்கலாம்.

ஆசிரியர் பயிற்சி நூல்களில் 'சுய எண்ணக்கரு' என்றொரு தொடர் உண்டு. பரீட்சைக்காக அதனை நானும் மனனம் செய்தவனே. தான் எத்தகையவன் என்று ஒருவன் தன்னுள்ளே எழுதி வைத்திருக்கும் உரையே அது. மூலம் ஒன்றாகவும் உரை வேறாகவும் இருத்தல் கூடும். உரையாசிரியரைக் கற்ற நமக்கு இது புதுமையன்று. அந்த உரைக்கும் உண்மை அநுபவத்துக்கும் உள்ள முரணே மனத்துன்பத்தின் ஊற்று என்று கொண்டவர் அமெரிக்க உளவியலறிஞர் கார்ள் றோஜர்ஸ் (1902-1987).

1954இல் வெளியான ஆய்வொன்றிலே அவர்தம் குழுவினர் இதனை அளந்தும் பார்த்தனர். தன்னைப்பற்றிய நூறு கூற்றுகளை நூறு சீட்டுகளில் எழுதிக் கொடுத்து, 'நான் இப்பொழுது இருக்கிறபடி' ஒருமுறையும், 'நான் இருக்க விரும்புகிறபடி' மறுமுறையும் அடுக்கச் செய்தனர். இரண்டு அடுக்குகளும் முற்றும் ஒத்திருந்தால் 1. தொடர்பே இல்லையாயின் 0. உளவளத்துணை நாடி வந்தோரிடம் தொடக்கத்தில் அந்த எண் ஏறக்குறைய 0 ஆகவே இருந்தது. துணை பெற்ற பின்னர் 0.34 ஆயிற்று. துணை நாடாத பிறரிடமோ 0.58. ஆகவே குணப்பட்டோரும் மற்றையோர் நின்ற இடத்தை எட்டிவிடவில்லை. இம்முடிவை மறையாது வெளியிட்ட நேர்மைக்காகவே அவ்வாய்வில் எனக்கு மதிப்பு மிகுதி.

இந்த உரையை எழுதுபவர் யார்? சாள்ஸ் கூலி என்னும் சமூகவியலார் 1902இலே ஒரு விடை கூறினார்: பிறர் முகமே நமக்குக் கண்ணாடி, அதிலே தெரிவதாக நாம் எண்ணும் உருவையே நாம் என்று கொள்கிறோம். சைவசித்தாந்தம் பயின்றோர்க்கு உடனே படிக உவமை நினைவுக்கு வரும். அருகிலுள்ள பொருளின் நிறத்தைப் படிகம் ஏற்றுக் காட்டுவதுபோல உயிர் தான் சார்ந்ததன் இயல்பை ஏற்று நிற்கும் என்பர். மேனாட்டார் கண்டதெல்லாம் நம்மிடம் முன்னரே உண்டு என்று மேசை தட்டும் கூட்டத்தில் நான் சேரேன். இரண்டின் நோக்கமும் வேறு. ஆயினும், ஏற்ற நிறம் படிகத்துக்கு உரியதன்று என்னும் நுட்பம், பின் வாங்குப் பிள்ளையைப் பார்க்கும் ஆசிரியனுக்குப் பயன்படும்.

'நீ கெட்டிக்காரன்' என்று புகழ்ந்துவிட்டால் நிறம் மாறிவிடுமோ? மாறாது. தன்னை உதவாதவன் என்று நம்புபவன், அந்நம்பிக்கைக்கு மாறான புகழை ஐயுறுவான். அன்றி, தன்னைத் தேற்றவே கூறினர் எனத் தள்ளுவான். நிபந்தனையின்றி ஏற்றல், அவன் நிலையில் நின்று உணர்தல், பாசாங்கின்மை ஆகிய மூன்றையுமே றோஜர்ஸ் வேண்டினார். அவை இருப்பின் அவன் தன் உரையைத் தானே திருத்துவான் என்பது அவர் துணிபு. கடும் மனநோய்க்கு வைத்தியரும் மருந்தும் வேண்டும்; அதனை மறுப்பது பெரும் பிழை. அவரை நாடுவோர்க்கு 'அங்கொடை' என்று ஊர்ப்பெயரையே பட்டமாக்கிச் சூட்டுவது அதனினும் பெரும் பிழை.

நம் மட்டக்களப்பிலே 1996இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கப்பட்டது. கனடிய ஓவியர் பால் ஹோகனும் இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகம் அடிகளாரும் அதற்கு முன்னின்றனர். போரினால் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே ஒன்றாகக் களிமண் பிசைந்தனர், வண்ணம் தீட்டினர், கதை கட்டி நடித்தனர். என் மாணவன் எழுதிய வரிக்குப் பாடசாலையில் கிடைத்தது சிவப்பு மை. அதே காலத்தில், வாவிக்கு அப்பால், ஒரு பிடி களிமண் கிடைத்திருக்கும் என்பதை நான் மிகப் பிந்தியே அறிந்தேன்.

சென்ற ஆண்டு வாவிக்கரைத் துறையொன்றில் தோணிக்காகக் காத்திருந்தேன். வலை உணர்த்திக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்து, "சேர், என்னத் தெரியுதா?" என்றார். தெரிந்தது. அருகிலே பத்து வயது மதிக்கத்தக்க மகன் குந்தியிருந்தான். "இவனுக்குத் தமிழ் ஒருக்காச் சொல்லிக் குடுங்க சேர். என்னப் போலதான், ஒண்டுக்கும் உதவான்" என்றார் சிரித்துக்கொண்டு.

இம்முறை அந்தச் சொல்லை நான் திருத்தவில்லை. வலையைப் பார்த்தேன். அறுந்த இடமெல்லாம் சிறு சிறு முடிச்சுகளால் வரிசை பிசகாது கட்டப்பட்டிருந்தது. "யார் கட்டியது?" என்று கேட்டேன்.

"அவன்தான் சேர். எனக்கு இப்ப சின்னக் கண் தெரியுதில்ல. அவன் இல்லாட்டி வலை இல்ல" என்றார், இயல்பாக.

பையன் நிமிர்ந்தான். என்னைப் பார்க்கவில்லை, தந்தையின் முகத்தைப் பார்த்தான்.