சின்ன ஆம்ப்ளிஃபையர் போதும்

கிட்டாரில் ப்ளூஸ், கிளாசிக் ராக் வாசிக்க வால்வு ஆம்ப்ளிஃபையர் தேடுகிறீர்களா? வாட் கணக்கைப் பார்த்து மயங்காதீர்கள். அந்த இசைக்கு உயிரே, வால்வு திணறும்போது வரும் கரகரப்புதான். 100 வாட் பெட்டியில் அதை வரவழைக்கத் தெருவே அதிர வேண்டும். 5 வாட் பெட்டியில் வெகு சீக்கிரம் வந்துவிடும். மெல்ல மீட்டினால் தெளிவு, அழுத்தி மீட்டினால் உறுமல். 1970-இல் வெளிவந்த 'லைலா' ஆல்பத்துக்கு கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் பயன்படுத்தியது ஃபெண்டர் சாம்ப் என்ற குட்டிப் பெட்டி! டிரம்ஸோடு சேர்ந்து வாசிப்பவர்களுக்கு 15 வாட் தாராளம். வாட் இரு மடங்கானாலும் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். பழைய பெட்டி வாங்குவதும் நல்ல யோசனைதான். ஆனால், அது ஓடிக்கொண்டிருக்கும்போது பென்சிலால் சிறிய வால்வுகளை மெல்லத் தட்டிப் பாருங்கள். ஸ்பீக்கரில் கணீரென்று கேட்டால், அந்த வால்வை மாற்றும் செலவையும் சொல்லி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.