இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஒரு வேஷம்: புது மண்டபத்து காஸ்ட்யூம் கணக்கு

அவனியாபுரத்துல இருந்து உங்க பாட்காஸ்ட். இந்த வாரக் கேள்வி அமெரிக்காவுல படிக்கிற ஒரு நேயர்கிட்ட இருந்து வந்தது. "ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் ரெனைசான்ஸ் ஃபேருக்குப் போறாங்க, நானும் வேஷம் போட்டுப் போகணும். ரெடிமேட் காஸ்ட்யூம் விலையைப் பார்த்தா தலை சுத்துது. கம்மி பட்ஜெட்ல எப்படிப் பண்றது?"

தெரியாதவங்களுக்காக: ரெனைசான்ஸ் ஃபேர்னா, ஐரோப்பாவோட 16-ஆம் நூற்றாண்டு ஆட்கள் மாதிரி உடுத்திக்கிட்டு ஜனங்க கூடுற சந்தை. 1963-இல் கலிஃபோர்னியாவுல ஆரம்பிச்சு, அப்புறம் அமெரிக்கா முழுக்கப் பரவுச்சு. அங்கே அது வார இறுதிப் பொழுதுபோக்கு.

இந்தக் கேள்வியைப் படிச்சதும் எனக்கு ஞாபகம் வந்தது நம்ம சித்திரைத் திருவிழாதான். அழகர் மலையில இருந்து இறங்கி, சித்ரா பௌர்ணமியை ஒட்டி வைகையில எழுந்தருளும்போது, அழகர் வேஷமும் கருப்பசாமி வேஷமும் போட்டுக்கிட்டு நேர்த்திக்கடனுக்கு வர்றவங்களை நீங்க பார்த்திருப்பீங்க. லோடுமேன், ஆட்டோ ஓட்டுறவர், கூலி வேலைக்குப் போறவர்னு கையில காசு குறைவா இருக்கிற குடும்பங்கள்தான் அதுல நிறைய. ஆனா அந்த வெல்வெட்டும் சம்கியும் தூரத்துல இருந்தே கண்ணைப் பறிக்கும். எப்படி முடியுது? இந்த எபிசோட் அந்தக் கணக்கைப் பத்தினது.

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். அது வேண்டுதல், ஃபேன்ஸி டிரெஸ் கிடையாது. அதனால அந்த வேஷத்தைக் காப்பியடிக்கச் சொல்லலை. அதைத் தைக்கிற முறையில இருந்து கத்துக்கலாம்னு சொல்றேன்.

வேஷத்துல என்னென்ன இருக்கு

இடுப்புக்குக் கீழே சல்லடம். தொளதொளன்னு இருக்கிற கால்சட்டைன்னு வெச்சுக்கங்க. இடுப்பைச் சுத்திக் கச்சை. தலையில உருமால். தண்ணி பீய்ச்சுறவங்க தோளில ஆட்டுத்தோல் பை, அதோட வாயில ஒரு சின்னக் குழாய். சிலர் கையில திரி, அதாவது பந்தம். தொ. பரமசிவன் தன்னோட 'அழகர்கோயில்' ஆய்வு நூல்ல இந்த அடியவர்களைப் பத்தி விரிவா எழுதியிருக்கார், தேடிப் படிங்க.

இதையெல்லாம் தைச்சு விக்கிறதுக்குப் பேர் போன இடம் புது மண்டபம். மீனாட்சி கோயில் கிழக்கு கோபுரத்துக்கு எதிரே, 17-ஆம் நூற்றாண்டுல திருமலை நாயக்கர் கட்டினது. பல தலைமுறையா அங்கே தூணுக்கு நடுவுல தையல் மெஷின் ஓடுச்சு. சில வருஷத்துக்கு முன்னாடி கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்திட்டாங்க. இடம் மாறினாலும் மதுரைக்காரங்க வாயில இன்னும் 'புது மண்டபத்துக் கடை'தான். அழகருக்கு நேர்ந்துக்கிட்டவங்களோட உடையைத் தைக்கிறவங்கள்ல முஸ்லிம் தையல்காரர்களும் இருக்காங்க.

என் சித்தப்பா கீழமாசி வீதியில மூட்டை தூக்குறவர். வருஷா வருஷம் வேஷம் போடுவார். போன வருஷம் அவர் பையனுக்கு முதல் தடவை. சின்ன வயசுல அவனுக்கு உடம்பு ரொம்ப முடியாமப் போனப்போ அப்பத்தா நேர்ந்துக்கிட்டது. "கடன் வாங்கி நேர்த்திக்கடன் செலுத்தக் கூடாது"ன்னு சித்தி ஒரே பேச்சா சொல்லிட்டாங்க. கையில இருந்தது இரண்டாயிரம் ரூபாய். துணி எடுக்க நானும் கூடப் போனேன். அங்கே கவனிச்சதை மூணு விதியா எழுதி வெச்சிருக்கேன்.

விதி ஒண்ணு: இருபது அடி தள்ளி நின்னு பாருங்க

கூட்டத்துல உங்களைப் பார்க்கிறவங்க இருபது அடி தள்ளித்தான் நிப்பாங்க. அங்கே இருந்து பட்டன் தெரியாது, தையல் தெரியாது. தலை, இடுப்பு, மொத்த உருவத்தோட வெளிக்கோடு, இந்த மூணுதான் தெரியும். அதனால காசை உருமாலிலும் கச்சையிலும் போடணும். "தலையும் இடுப்பும் சரியா அமைஞ்சா மத்தது தானா அமையும் தம்பி"ன்னார் தையல்கார பாய்.

சம்கி லேஸையும் உடம்பு முழுக்க வைக்கிறதில்லை. ஓரம், கழுத்து, கச்சையோட முன்பக்கம், அவ்வளவுதான். ஓரம் மின்னினா முழுசும் மின்னுற மாதிரி இருக்கும்.

வெல்வெட் வெட்டும்போது ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. அந்தத் துணிக்கு மயிர்வாட்டம் உண்டு. மேல இருந்து கீழே தடவினா ஒரு நிறம், கீழ இருந்து மேலே தடவினா இன்னொரு நிறம். எல்லாத் துண்டையும் ஒரே வாட்டத்துல வெட்டலைன்னா ஒரு கால் சிவப்பு, இன்னொரு கால் கறுஞ்சிவப்புன்னு தெரியும். துணியை மிச்சம் பிடிக்கத் திருப்பி வெட்டினா, மிச்சம் பிடிச்சது அப்படியே வெளியில தெரிஞ்சிடும்.

விதி ரெண்டு: தோலில் படுறது பருத்தி

சித்திரை வெயில், லட்சக்கணக்கான ஜனம், விடியக்காலையில இருந்து நடை. வெல்வெட்டை நேரா உடம்புல போட்டா வெந்துடும். உள்ளே பருத்தி லைனிங் கட்டாயம். அதுக்குப் புதுத் துணி தேவையில்லை. பல தடவை துவைச்ச பழைய வேட்டி இருக்கே, அதைவிட மெத்துன்னு எதுவும் கிடையாது. சித்தப்பாவோட வேட்டி ஒண்ணு அப்படித்தான் லைனிங் ஆச்சு, செலவு பூஜ்யம்.

16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவுலயும் இதே ஏற்பாடுதான். உள்ளே லினன் உள்ளங்கி, அது வேர்வையை வாங்கிக்கும், அதை மட்டும் அடிக்கடி துவைப்பாங்க. மேல போடுற கனமான உடையில அழுக்கும் வேர்வையும் குறைவாத்தான் ஏறும், அதனால பல வருஷம் உழைக்கும்.

திரி எடுக்கிறவங்களுக்கு இது உயிர் விஷயம். பாலியஸ்டர்ல தீப்பொறி பட்டா உருகித் தோலோட ஒட்டிக்கும். கடையில 'பருத்தி'ன்னு சொன்னாலும் வீட்டுல ஒரு நூலை உருவி, இடுக்கியில பிடிச்சுக் கொளுத்திப் பாருங்க. காகிதம் எரியுற வாசமும் சாம்பலும் வந்தா பருத்தி. உருகிக் கெட்டியா ஒரு மணி மாதிரி உருண்டா பாலியஸ்டர், அதைத் திரிப் பக்கமே கொண்டு போகாதீங்க.

தண்ணிக்கும் இப்படி ஒரு சோதனை இருக்கு. ஈரக் கைக்குட்டையால துணியைத் தேய்ங்க. கைக்குட்டையில சாயம் ஏறினா, திருவிழாவுல அது உங்க உடம்புல ஏறும். உருமாலுக்குள்ள விறைப்புக்கு அட்டை வெச்சா நனைஞ்சதும் தொங்கிடும். ஃபோம் ஷீட் வெச்சா நிக்கும். சம்கியை ஒட்டாம, தைச்சுடுங்க.

தண்ணி பீய்ச்சுற ஆசையில பிளாஸ்டிக் பம்ப் வாங்கிக் காசை வீணாக்காதீங்க. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2024-இல் தலையிட்டு, அழுத்தம் கூடின பம்ப் கூடாது, பாரம்பரியத் தோல் பைதான்னு சொல்லிடுச்சு.

விதி மூணு: அடுத்த வருஷத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க

சித்தப்பாவோட சல்லடத்துக்கு வயசு பதினொண்ணு. இடுப்புல எலாஸ்டிக் கிடையாது, நாடாதான். உடம்பு பெருத்தாலும் இளைச்சாலும் அதே உடை. பக்கத் தையல்ல ரெண்டு இஞ்ச் துணி மடிச்சு விட்டிருக்கார் தையல்காரர், வேணும்போது பிரிச்சு விட்டுக்கலாம். தம்பிக்கும் அப்படியே தைக்கச் சொன்னோம். பதினெட்டு வயசுப் பையன், இன்னும் வளருவான்.

எங்க கணக்கு இது, கடைக்குக் கடை மாறும்: வெல்வெட் மூணு மீட்டர் 600, சம்கி லேஸ் 250, உருமாலுக்கான சாமான் 250, தையல் கூலி 700. மொத்தம் 1,800. மிச்சம் இருநூறு, அன்னைக்குப் பஸ்ஸுக்கும் மோருக்கும். பத்து வருஷம் போட்டா வருஷத்துக்கு 180 ரூபாய். ஒரு நாள் வாடகை காஸ்ட்யூம்கூட அந்த விலைக்குக் கிடைக்காது.

இதுல பெரிய தொகை தையல் கூலின்னு கவனிச்சீங்களா? நாங்க பேரம் பேசாத இடமும் அதுதான். நாடா வைக்கிறது, ரெண்டு இஞ்ச் விடுறது, வாட்டம் பார்க்கிறது எல்லாமே அந்தக் கூலிக்குள்ள இருக்கு. அதைக் குறைச்சா, மூணாவது வருஷம் புதுசா தைக்க வேண்டியிருக்கும். கொடியேறின பிறகு போய் அவசரப்படுத்தாதீங்க, மாசியிலயே போயிடுங்க. அவங்களுக்கும் நேரம் இருக்கும், நிதானமா தைப்பாங்க.

நேர்ந்துக்காதவங்க என்ன போடலாம்?

காலேஜ் விழா, ஆபீஸ் எத்னிக் டேன்னு ஒரு பழங்கால வேஷம் வேணுமா? சாமி வேஷத்தை அதுக்கு எடுக்காதீங்க. நமக்கு நாயக்கர் அரசவை இருக்கே! திருமலை நாயக்கர் 1623-இல் இருந்து 1659 வரை ஆண்டவர், ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு வருஷம் கழிச்சுப் பட்டத்துக்கு வந்தவர். ரெனைசான்ஸ் ஃபேர் காட்டுற காலத்துக்கு ரொம்பப் பக்கம். புது மண்டபத் தூண்கள்ல நாயக்க மன்னர்களோட ஆளுயரச் சிலைகள் இருக்கு. கூப்பின கை, கனத்த நகை, இடுப்புல செருகின குறுவாள். உங்களுக்கு இலவச டிசைன் புக் அது.

செய்முறை சுலபம். வீட்டுல அம்மாவோட சுங்குடிச் சேலை இருந்தா அதுவே கீழாடை, வெட்டாம கொசுவம் வெச்சுக் கட்டிக்கலாம், மறுநாள் சேலையா திரும்பிடும். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, பெருமையாவே சொல்லிக்கலாம். கச்சைக்கு விளக்குத்தூண் பக்கம் துண்டுத் துணி தேடுங்க. நகைக்குப் பரதநாட்டிய செட் வாடகைக்கு எடுங்க. குறுவாளை அட்டையில வெட்டி அலுமினியத் தாள் சுத்துங்க.

அமெரிக்க நேயரே, உங்களுக்கும் இதே மூணு விதிதான். பழைய துணிக்கடையில ஒரு கனமான திரைச்சீலை, உள்ளே வெள்ளைப் பருத்திச் சட்டை, அகலமான இடுப்புப் பட்டை, நல்ல தொப்பி. செகண்ட் ஹேண்டான்னு கூச்சப்படாதீங்க. 1599-இல் லண்டன் வந்த தாமஸ் பிளாட்டர்ங்கிற சுவிஸ் பயணி எழுதி வெச்சிருக்கார்: பிரபுக்கள் சாகும்போது நல்ல உடைகளை வேலைக்காரங்களுக்கு விட்டுட்டுப் போவாங்க, அவங்க அதைப் போட முடியாததால நாடகக்காரங்களுக்கு வித்துடுவாங்களாம். ஏன் போட முடியாது? வெல்வெட்டும் பட்டும் எந்தத் தகுதிக்காரர் உடுத்தலாம்னு முதலாம் எலிசபெத் 1574-இல் ஆணையே போட்டிருந்தாங்க.

அங்கே வேலைக்காரருக்கு மறுக்கப்பட்ட அதே வெல்வெட்டைத்தான், மூட்டை தூக்குற சித்தப்பாவும் அவர் பையனும் போன சித்திரையில போட்டுக்கிட்டு வைகை வரைக்கும் நடந்தாங்க. அப்பத்தா கரையில உக்காந்து பேரனைத் தேடினப்போ, அவ்வளவு கூட்டத்துலயும் உருமாலை வெச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க.

வேஷம் கழட்டினதும் நல்ல தண்ணியில அலசி, உள்பக்கம் வெளியே தெரியுற மாதிரி திருப்பி நிழல்ல காயப்போடுங்க. வெல்வெட்டை மடிக்காம சுருட்டிப் பழைய வேட்டியில பொதிஞ்சு வைங்க. உங்க வீட்டுல இப்படிப் பல வருஷம் ஓடின வேஷம் ஏதாவது இருந்தா ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த வாரம் போட்டுக் கேட்போம். வரட்டா மக்களே!