சிறுநீரக வடிகட்டு வீத மதிப்பீடு

சிறுநீரக வடிகட்டு வீதம் என்பது சிறுநீரகங்களிலுள்ள நுண்ணிய குருதிக்குழல் முடிச்சுகள் ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் நீர்மத்தை வடிக்கின்றன என்பதைக் குறிக்கும் அளவாகும். நலமுள்ள இளைஞர்களில் இது ஏறத்தாழ 100 முதல் 120 வரை இருக்கும். மூன்று மாதங்களுக்கு மேலாக 60-க்குக் கீழே இருப்பின் நாட்பட்ட சிறுநீரக நோய் எனக் கொள்ளப்படுகிறது. இதனை நேரடியாக அளக்க, இனுலின் போன்ற ஒரு பொருளை உடலில் செலுத்தி, அது வெளியேறும் வேகத்தைப் பல மணி நேரம் கண்காணிக்க வேண்டும். ஆகவே நடைமுறையில் குருதியிலுள்ள கிரியேட்டினின் அளவைக் கொண்டு சமன்பாடுகள் மூலம் மதிப்பிடுகின்றனர்.

பாலினமும் தசையும்

கிரியேட்டினின் தசைகளில் உருவாகும் கழிவுப்பொருள். தசை குறைந்தவரிடம் அது குறைவாகவே உருவாகும். எனவே சிறுநீரகம் பழுதடைந்திருந்தாலும் குருதியில் அதன் அளவு இயல்பாகத் தோன்றக்கூடும்.

எடுத்துக்காட்டாக, பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிக்கும் 60 வயதுப் பெண் ஒருவருக்கும், அதே வயதில் படகில் வலை இழுக்கும் ஆண் ஒருவருக்கும் கிரியேட்டினின் ஒரு டெசிலிட்டருக்கு 1.0 மில்லிகிராம் இருப்பதாகக் கொள்வோம். 2021-ஆம் ஆண்டின் சி.கே.டி.-எபி சமன்பாட்டின்படி ஆணின் வடிகட்டு வீதம் 86. பெண்ணுடையது 64 மட்டுமே. ஆய்வுக்கூடத் தாளில் கிரியேட்டினினை மட்டும் பார்த்தால் இவ்வேறுபாடு புலப்படாது. 1976-இல் வெளியான காக்கிராஃப்ட்-கால்ட் சமன்பாடு உடல் எடையையும் கணக்கில் கொள்வது. அப்பெண்ணின் எடை 45 கிலோகிராம் எனில் அது நிமிடத்திற்கு 42.5 மில்லிலிட்டர் என்ற விடையைத் தரும். (இது உடற்பரப்புக்கு ஏற்பச் சீராக்கப்படாத அளவு என்பதால் முன்னதோடு நேராக ஒப்பிடலாகாது.) அச்சமன்பாடு பெரும்பாலும் ஆண்களான 249 நோயாளிகளைக் கொண்டு உருவானது, பெண்களுக்கான 0.85 என்ற பெருக்கு எண் அத்தரவிலிருந்து பெறப்பட்டதன்று.

இனக் காரணி

அமெரிக்காவில் 1999-இல் வெளியான எம்.டி.ஆர்.டி. சமன்பாடு, கறுப்பினத்தவருக்கு விடையை 1.18-ஆல் பெருக்கியது. அவர்களுக்குத் தசை மிகுதி என்பது கூறப்பட்ட காரணம். அதற்கான சான்று வலுவற்றது. இதனால் அவர்களின் நோய் குறைவாக மதிப்பிடப்பட்டு, சிறுநீரக மாற்றுக்கான காத்திருப்புப் பட்டியலில் சேர்வதும் தாமதமாயிற்று. 2021-இல் இனக் காரணி நீக்கப்பட்ட சமன்பாடு பரிந்துரைக்கப்பட்டது.

இந்தியர்கள்

இக்காரணி நீங்கியதால் இந்தியரின் சிக்கல் தீரவில்லை. சண்டிகரில் இனுலின் முறையோடு ஒப்பிட்டுச் செய்யப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வு, வழக்கிலிருந்த கிரியேட்டினின் சமன்பாடுகள் இந்தியரின் வடிகட்டு வீதத்தை மிகைப்படுத்துவதைக் காட்டியது. குறைந்த தசையும் குறைந்த புரத உணவும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. பாகிஸ்தானில் 2009-ஆம் ஆண்டின் சி.கே.டி.-எபி சமன்பாட்டுக்கு ஒரு திருத்தம் உருவாக்கப்பட்டது. மேற்கூறிய பெண்ணுக்குத் திருத்தமின்றி 61 என வரும் விடை, திருத்தத்திற்குப் பின் 54 ஆகிறது. அதாவது அவர் நலமுள்ளவர் வரிசையிலிருந்து நோயாளர் வரிசைக்கு மாறக்கூடும்; சிறுநீரகம் வழி வெளியேறும் மருந்துகளின் அளவும் வலிநீக்கி மாத்திரைகள் பற்றிய எச்சரிக்கையும் அதற்கேற்ப மாறும்.

எனினும் 'இந்தியர்' என ஒரே பெருக்கு எண்ணை வைப்பதும் பொருந்தாது. நாள்தோறும் மீன் உண்ணும் கடலோரக் குடும்பமும் மரக்கறி உண்ணும் குடும்பமும் ஒன்றல்ல. மீன், இறைச்சி ஆகியவற்றின் தசையிலுள்ள கிரியேட்டின் சமைக்கும்போது கிரியேட்டினினாக மாறுவதால், உண்ட சில மணி நேரத்திற்குக் குருதியில் அதன் அளவு உயரலாம். இறாலிலும் நண்டிலும் கிரியேட்டின் பாஸ்பேட்டின் பணியை ஆர்ஜினின் பாஸ்பேட் செய்கிறது என்பது இங்கே சுவையான வேறுபாடு.

தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற புரதத்தையும் சேர்த்து அளந்தால் மதிப்பீடு மேம்படும். ஆயினும் கிரியேட்டினின் சோதனையை விட அதற்குச் செலவு அதிகம்.