பெட்டி திறக்கும் வரை

கதவு தட்டப்படுகிறது. பொதி கொண்டுவந்த இளைஞன் கையொப்பம் கேட்கிறான். இல்லத்தரசி அடுக்களையிலிருந்து வருவதற்குள் அப்பெட்டி அலமாரியின் பின்புறம் மறைந்துவிடுகிறது. களவாடிய பொருளன்று அது. சொந்த ஊதியத்தில், தவணைமுறையில் வாங்கிய லென்ஸ்தான். பின் ஏன் ஒளித்தேன்? இவ்வினாவை என்னிடமே கேட்டுக்கொள்ள எனக்கு ஆறாண்டுகள் ஆயின.

புகைப்படக்கலையில் நாட்டங்கொண்டோர் பலரை இப்பிணி பற்றுவதுண்டு. பிணி என்றது முதலில் விளையாட்டாகத்தான். 'ஸ்டீலி டான்' என்னும் அமெரிக்க இசைக்குழுவின் வால்டர் பெக்கர், கிட்டார்களை வாங்கிக் குவிக்கும் வேட்கைக்கு 1994-இல் நகைச்சுவையாக ஒரு நோய்ப்பெயர் சூட்டினார். காமிராக்காரர்களும் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். ஆனால் ஜெர்மானிய மனநல மருத்துவர் எமில் கிரெப்பலின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, அடக்கவியலாது பொருள் வாங்கும் நிலையை 'ஓனியோமேனியா' எனக் குறித்துள்ளார். அதில் நகைச்சுவை இல்லை.

வாங்குவதற்கு முந்திய நாட்களே இன்பமானவை. வீடு உறங்கிய பின் விலைகளை ஒப்பிடுவேன், "இந்த ஒரு லென்ஸ் மட்டும் இருந்துவிட்டால்..." என்று மனம் பறக்கும். வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்னும் அறிஞர் குரங்குகளைக் கொண்டு நடத்திய ஆய்வுகளில், பரிசு கிடைக்கும்போதைக் காட்டிலும், அது வரப்போகிறது என்னும் அறிகுறி தென்படும்போதே டோபமின் நரம்பணுக்கள் கிளர்ச்சியுறுவது புலனாயிற்று. என் நிலையும் அதுவே. பெட்டி திறந்த மூன்று நாட்கள் மல்லிகைச் செடியையும் பூனையையும் ஓயாது படம் பிடிப்பேன். நான்காம் நாள் ஒரு வெறுமை, அதன்பின் தவணைச் சீட்டு, அதன்பின் குற்றவுணர்வு. பாதி விலைக்கு விற்றுவிட்டு, இனி வாங்குவதில்லை எனச் சூளுரைப்பேன். விற்ற பணம் கையில் இருப்பதே அடுத்த சோதனையாகிவிடும்!

ஒரு பொருள் தனியே வருவதுமில்லை. பிரெஞ்சு அறிஞர் தெனி தீதரோ, புதிய அங்கியொன்று வந்தபின் வைக்கோல் நாற்காலி கண்ணுக்கு இழிவாகப்பட்டு, தோல் நாற்காலி அவ்விடத்தைப் பிடித்த கதையை 1769-இல் எழுதினார். காமிராவுக்குப் பை, முக்காலி, வடிகண்ணாடி என்று அவ்வாறே தொடரும். போதாக்குறைக்கு நிறுவனங்கள் லென்ஸ் பொருத்தும் வாயையே மாற்றுகின்றன. கேனன் 1987-இல் ஒருமுறையும் 2018-இல் மறுமுறையும் புதிய வாயினை அறிமுகப்படுத்தியது. நிக்கானும் 2018-இல் அதையே செய்தது.

ஹென்றி கார்த்தியே-பிரசோன் தம் புகழ்பெற்ற படங்களுள் பெரும்பாலானவற்றை லைக்கா காமிராவும் 50 மி.மீ. லென்ஸும் கொண்டே எடுத்தார். இதை அறிந்த நான் செய்தது யாது? லைக்காவின் விலையை விசாரித்தேன்.

மகளின் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய வாரத்தில்தான் அலமாரி திறக்கப்பட்டது. இரண்டு காமிராக்களையும் ஐந்து லென்ஸ்களையும் என் மனைவி பாயில் வரிசையாக வைத்தாள். ஒன்றில் பூஞ்சை படர்ந்திருந்தது. இருளிலும் ஈரத்திலும் பயனின்றிக் கிடக்கும் லென்ஸுக்கு நேர்வது அதுதான். அவள் சினந்திருந்தால் விடை கூறியிருப்பேன். அவளோ, "இதிலே மாமாவைப் படம் எடுத்தது எதுங்க?" என்று மட்டும் கேட்டாள்.

என் தந்தையார் மறைந்து அப்போது ஐந்து திங்கள். சுவரில் மாலையோடு தொங்கும் படம், என் மகள் தன் கைப்பேசியில் எடுத்தது. அவர் திண்ணையில் அமர்ந்து நாளிதழ் படித்த காலையெல்லாம் நான் உள்ளே விலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டணத்திற்காக ஒரு காமிராவையும் மூன்று லென்ஸ்களையும் விற்றோம். பூஞ்சை பிடித்ததை எவரும் கேட்கவில்லை. அது மேசைமேல் இருக்கிறது. எஞ்சிய காமிராவில் 50 மி.மீ. லென்ஸ் பொருத்தியுள்ளேன். விலை பார்க்கும் வழக்கம் முற்றாக விட்டபாடில்லை. ஆனால், இப்போது கூடத்தில் அமர்ந்துதான் பார்க்கிறேன். சில வேளை அவளும் அருகில் வந்து அமர்ந்து, "இது எவ்வளவுங்க?" என்று கேட்கிறாள்.