பன்றிக்கும் திமிங்கலத்துக்கும் ஒரே வரிசை

மலேசியாவின் பகாவ் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் இளங்கன்றுகளின் குருத்தைத் தின்று அழிக்கும் காட்டுப்பன்றியும் கடலில் நீந்தும் திமிங்கலமும் இரட்டைக்குளம்பிகள் என்னும் ஒரே வரிசையில் அடங்குகின்றன. இவ்வரிசை அடங்கும், 1758இல் இயற்கையியலாளர் லின்னேயஸ் பாலூட்டிகள் எனப் பெயரிட்ட வகுப்பைப் பின்வந்தோர், முட்டையிடுவன, குட்டியைப் பையில் வளர்ப்பன, நச்சுக்கொடி வழியே கருவுக்கு ஊட்டமளிப்பன என மூன்றாகப் பகுத்தனர். தீபகற்ப மலேசியாவின் காட்டுப் பாலூட்டிகள் யாவும் இறுதிப் பிரிவைச் சேர்ந்தவை.

தோற்றம் விலங்கு வகைப்பாட்டில் அடிக்கடி பொய்ச்சாட்சி சொல்லியிருக்கிறது. பல்லின்றி நீண்ட நாவால் எறும்புண்ணும் அழுங்கு, ஒருகாலத்தில் தென்னமெரிக்க எறும்புதின்னியோடு சேர்த்தெண்ணப்பட்டது. மரபணு ஆய்வோ, செதில் போர்த்த அவ்விலங்கு புலி, நாய் முதலிய ஊனுண்ணிகளுக்கே நெருங்கிய உறவு என நிறுவியது. மரத்துக்கு மரம் மிதந்து தாவும் கொலுகோ, வௌவாலைப்போல் தோன்றினும், குரங்கினத்துக்கே அண்மையானது.