உடைந்த கண்ணாடிக்குச் சட்டம் போடும் கணக்கு

கிரிவலப் பாதை மொத்தம் 14 கிலோமீட்டர். அதில் மலைக்கு மேற்கே வரும் ஊர் அடி அண்ணாமலை. பௌர்ணமி இரவில் அங்கே சாலை தெரியாது, தலைகள்தான் தெரியும். அந்தச் சாலையில் ஒருவர் கையிலிருந்து ஒரு கல் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது டீக்கடையில் வடை வைக்கும் கண்ணாடிப் பெட்டியில் விழுந்தால், அதிகபட்சத் தண்டனை 6 மாதச் சிறை. இரண்டடி தள்ளி அரசுப் பேருந்தின் ஜன்னலில் விழுந்தால், குறைந்தபட்சமே ஓராண்டு. இந்த இரண்டடியில் என்ன நடக்கிறது?

சட்டம் கண்ணாடியைப் பார்ப்பதற்கு முன்னால் கல்லெறிந்தவரின் மனத்தைப் பார்க்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 324வது பிரிவு, ‘சொத்துக்குக் கேடு விளைவித்தல்’ என்ற குற்றத்துக்கு இரண்டில் ஒன்றைக் கேட்கிறது: சேதம் செய்யும் நோக்கம் இருக்க வேண்டும், அல்லது சேதமாகும் என்று தெரிந்தே செய்திருக்க வேண்டும். லாரிச் சக்கரத்தில் சிக்கித் தெறித்த கல் நூறு கண்ணாடிகளை உடைத்தாலும் இந்தப் பிரிவுக்குள் வராது. நஷ்டஈடு கேட்கலாம், அது சிவில் வழக்கு.

சேதம் என்றால் உடைவதுதானா? அதுவும் இல்லை. ஒரு பொருளின் மதிப்போ பயனோ குறையும்படி அதை மாற்றினாலே போதும். சட்டமே இதற்கு ஓர் அழகான உதாரணம் தருகிறது: அடுத்தவரின் பனிக்கட்டிக் கிடங்குக்குள் ஒருவர் தண்ணீரை விட்டுப் பனிக்கட்டியை உருக்கிவிடுகிறார். எதுவும் உடையவில்லை, எதுவும் களவு போகவில்லை. ஆனாலும் குற்றம். மெக்காலே குழு 1837இல் தண்டனைச் சட்ட வரைவைத் தந்தபோது, அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி கப்பலேறிக் கல்கத்தாவுக்கு வரத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. சென்னை மெரினாவில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ் அதே வணிகத்துக்காகக் கட்டியதுதான். அந்த வணிகம் அழிந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. உதாரணம் மட்டும் புதிய சட்டத்திலும் உருகாமல் இருக்கிறது!

அதே பட்டியலில் அடி அண்ணாமலைக்காரர்களுக்கு நன்கு தெரிந்த ஒன்றும் உண்டு: பயிரைக் கெடுக்கும் நோக்கத்தோடு அடுத்தவர் நிலத்தில் மாட்டை விடுவது. மாடு தானாகக் கயிற்றை அறுத்துக்கொண்டு மல்லாட்டைக் கொல்லையில் மேய்ந்தால் குற்றமில்லை. அவிழ்த்துவிட்ட கையில்தான் குற்றம்.

மனத்துக்கு அடுத்தது விலை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 50 ரூபாயில் ஒரு கோடு போட்டது. சேதம் அதற்குக் கீழே என்றால் 3 மாதம் வரை. 50 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் 2 ஆண்டு வரை. 10 ரூபாய் பெறும் விலங்கைக் கொல்வதற்கென்றே தனிப் பிரிவு வைத்திருந்த காலம் அது; அன்றைக்கு 50 ரூபாய் பெரிய தொகை. ஆனால் அந்தக் கோடு 2024 ஜூன் 30 வரை நகரவே இல்லை. ஒரு தட்டு உடைந்தாலும் கோட்டைத் தாண்டிவிடும் நிலை வந்துவிட்டது. அடுத்த நாள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் கோட்டை 20,000 ரூபாய்க்கு ஏற்றியது. அதற்குக் கீழே 6 மாதம் வரை. 20,000 முதல் ஒரு லட்சத்துக்குள் 2 ஆண்டு வரை. ஒரு லட்சமும் அதற்கு மேலும் 5 ஆண்டு வரை. விலங்குகளுக்கோ விலையையே எடுத்துவிட்டார்கள். ஆடானாலும் யானையானாலும் கொன்றால் 5 ஆண்டு வரை. எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த திருத்தம் இதுதான்.

விலையோடு ஒரு கடிகாரமும் ஓடுகிறது. 19,000 ரூபாய் சேதம் என்றால் ஓராண்டுக்குள் வழக்கு நீதிமன்றத்தின் கோப்புக்குப் போயாக வேண்டும். 50,000 என்றால் 3 ஆண்டு அவகாசம். லட்சத்தைத் தொட்டால் காலக்கெடுவே கிடையாது. சின்ன சேதத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு: மாஜிஸ்திரேட் உத்தரவிடாமல் போலீசார் புலன்விசாரணையைத் தொடங்க முடியாது.

சிலவற்றுக்கு விலையே கேட்பதில்லை. பாசனத் தண்ணீர் குறையும்படி ஒருவர் வேண்டுமென்றே ஏதாவது செய்தால் 5 ஆண்டு வரை. ஏரியை நம்பி விவசாயம் செய்யும் மாவட்டத்தில் இது எவ்வளவு பொருத்தம்! வைக்கோல் போருக்குத் தீ வைத்தால் 7 ஆண்டு வரை. வீட்டையோ கோயிலையோ அழிக்கத் தீ வைத்தால் ஆயுள் தண்டனை வரை போகும்.

இனிப் பேருந்து. அது யாருடையது என்ற கேள்வி எழுந்ததும் வேறொரு சட்டம் நுழைகிறது: 1992இல் தமிழ்நாடு இயற்றிய பொதுச் சொத்து சேதத் தடுப்புச் சட்டம். இதன் 3வது பிரிவில் ஓராண்டு முதல் 5 ஆண்டு வரை சிறை. பொதுவாகத் தண்டனைச் சட்டம் மேல்வரம்பைச் சொல்லிவிட்டு மற்றதை நீதிபதியிடம் விட்டுவிடும். இங்கே கீழ்வரம்பும் உண்டு. ஊர்வலத்தில் சேதம் நேர்ந்தால், அதை நடத்திய கட்சியோ அமைப்போ இழப்பீடு தரவும் இந்தச் சட்டம் வழி வைத்திருக்கிறது.

இவ்வளவு கணக்கும் கடைசியில் சில தாள்களில்தான் நிற்கிறது. போலீஸ் அதிகாரி சம்பவ இடத்துக்குப் போய், சாட்சிகளை வைத்துக்கொண்டு பார்வை மகஜர் எழுதுவார். சாலை எந்தத் திசையில் போகிறது, வண்டி எங்கே நின்றது, சில்லுகள் எங்கே கிடந்தன என்று எல்லாம் அதில் வரும். மாதிரி வரைபடம் ஒன்றும் கூட இருக்கும். சேதத்தின் மதிப்பைச் சொல்ல விவரம் தெரிந்தவர் ஒருவர் கூண்டேற வேண்டும். குற்றப்பத்திரிகையில் ஒன்றே கால் லட்சம் என்று எழுதிவிட்டு, சாட்சியத்தில் 18,000 மட்டுமே நிரூபணமானால், 5 ஆண்டுக் குற்றம் 6 மாதக் குற்றமாக இறங்கிவிடும். மகஜர் சாட்சி பிறழ்ந்து, வேறு ஆதாரமும் இல்லாமல் போனால், சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே.

நிரூபணமானாலும் சிறைதான் என்றில்லை. தனியாருக்கு மட்டும் ஏற்பட்ட ஒரு லட்சத்துக்கும் குறைவான சேதத்தை, இழந்தவரே சமரசம் பேசி முடித்துக்கொள்ளலாம். அந்தச் சமரசத்துக்கு விடுதலைத் தீர்ப்பின் மதிப்பு உண்டு. முன் தண்டனை இல்லாதவர் என்றால், 2 ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றத்தில் அவரைக் கண்டித்து மட்டும் அனுப்பிவைக்க 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் இடம் தருகிறது. அப்படி அனுப்பும் அதே உத்தரவில், சேதத்துக்கு இழப்பீடு கட்டச் சொல்லவும் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் இருக்கிறது.